பயம் எந்தக் குடி?

1

முதலில் என் மடத்தனத்தை ஒப்புக்கொள்கிறேன். பயம் தாய்வழியாகத்தான் வரும் என்று ஐம்பத்தொரு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். நம்பியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் பிள்ளை தாயின் குடி, அதாவது தாயின் வம்சப் பிரிவு. கோயில் திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த நாள், யாருக்குள் கலியாணம் செய்யலாம், யாருக்குள் கூடாது, எல்லாம் அதை வைத்துத்தான். வீடும் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை என்பவன் உடுப்புப் பையோடு அந்த வீட்டுக்கு வந்து சேருகிறவன். இப்படி எல்லாமே தாய்வழியாகப் போகிற இடத்தில் பிறந்தவனுக்கு, பயம் மட்டும் தகப்பன் வழியால் சுவர் ஏறிக் குதித்து வரும் என்று யார் சொல்லித்தந்தார்கள்?

அதனால் மகள் ஆரணி பிறந்த நாளில் எனக்குப் பெரிய நிம்மதி. என்னிடம் இருக்கிற பயம் கொஞ்சநஞ்சமல்ல. ஊசிக்குப் பயம், பல் வைத்தியருக்குப் பயம், லிப்டுக்குப் பயம், நாய்க்குப் பயம், அரசாங்கக் கடிதத்துக்கு நாயைவிடப் பயம். பெரியகல்லாற்றில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போட வந்தபோது யன்னலால் குதித்து ஓடி, வாவிக் கரையில் கவிழ்த்துவைத்திருந்த தோணிக்குக் கீழே ஒளித்தவன் நான். ஊசி போட வந்த நேர்ஸ் குடையும் பெட்டியுமாக அந்த வெயிலில் நடந்து வந்தார். தோணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் காலைக் கண்டார். 'கையும் ஒண்டுதான் காலும் ஒண்டுதான்' என்று சொல்லி அந்தக் காலிலேயே குத்திவிட்டுப் போனார்.

இதில் ஒரு துளியும் மகளுக்குப் போகாது என்றால் எந்தத் தகப்பனுக்குத்தான் சந்தோசம் வராது? ஆனால் கூடவே ஓர் எரிச்சலும் வந்தது. பயம் என்னிடமிருந்து போகாது என்றால் துணிச்சலும் என்னிடமிருந்து போயிருக்காதே. அந்தப் பெருமை முழுவதும் தாயின் குடிக்கு. குடி என்று பொதுவாகச் சொல்வானேன்? என் மனைவி மலரின் அண்ணன் தவராசாவுக்கு.

2

நோர்வேக்கு வந்து இருபத்திரண்டு வருடம். முதலில் மீன் தொழிற்சாலை, பிறகு துப்புரவு வேலை, கடைசியாக ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ்த்தளத்தில் எலி பார்க்கிற வேலை. ஊரில் யாரும் விசாரித்தால் 'பல்கலைக்கழகத்தில் இருக்கிறான்' என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். எலியைச் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். இப்போது நானே எழுதிவிட்டேன்.

அந்த வேலைக்கு நேர்முகத்தில் மிருகங்களோடு பழக்கம் இருக்கிறதா என்று கேட்டார்கள். வீட்டில் ஆடு, மாடு, கோழி எல்லாம் வளர்த்தோம் என்று சொல்ல நினைத்தேன். என் வாயிலிருந்து வந்த நோர்வேஜிய மொழியில் அது 'ஆடுகளோடு பல வருடம் குடும்பம் நடத்தினேன்' என்று போய் விழுந்தது. மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வேலை கிடைத்தது. இந்த அளவு அனுபவசாலி வேறு யாரும் வரவில்லை போலும்.

காலையில் போனதும் குளித்து, அவர்கள் தரும் உடுப்பும் தொப்பியும் போட்டுக்கொண்டு உள்ளே இறங்குவேன். கூடு மாற்றுவது, மரத்தூள் பரப்புவது, தண்ணீர்ப் போத்தல் நிரப்புவது, அட்டை எழுதுவது. ஒவ்வொரு கூட்டுக்கும் முன்னால் ஓர் அட்டை உண்டு. உள்ளே இருப்பது எந்த வம்சம், தாய் எது, தகப்பன் எது, பிறந்த நாள் என்ன என்று எழுத வேண்டும். எங்கள் ஊர்ச் சாதகக் குறிப்பைவிடச் சுத்தமாக இருக்கும்.

ஆராய்ச்சி செய்கிறவர் இங்கெர் என்ற பெண். மெல்லிய குரல், பெரிய கண்ணாடி, எலியைத் தூக்கும்போது தன் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்குவார். சில எலிகளுக்கு ஏன் பயம் கூட, சிலவற்றுக்கு ஏன் குறைவு, நோவு ஏன் ஒன்றுக்கு ஒரு மாதிரியும் இன்னொன்றுக்கு வேறு மாதிரியும் இருக்கிறது, இதில் பிறப்பிலே வருவது எவ்வளவு என்பதுதான் அவர் தேடுவது. அதற்காக இரண்டு வம்சம் வைத்திருக்கிறார். பல தலைமுறையாக ஒன்றோடு ஒன்று கலக்காமல் வளர்த்தவை. அவற்றின் பெயர்கள் எழுத்தும் எண்ணுமாக இருக்கும், என் நாக்கில் நிற்காது. அதனால் நானே பெயர் வைத்தேன்.

ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி உண்டு. அதற்குள் எலியை விட்டு ஒரு சத்தம் போடுவார்கள். சத்தம் முடிகிற நேரம் காலடியில் ஒரு கணம் சின்ன மின்சாரக் கடி. அடுத்த நாள் சத்தம் மட்டும். கடி இல்லை. அப்போது எலி என்ன செய்கிறது என்று படம் பிடிப்பார்கள். கொண்டுபோய் விடுவதும் எடுத்து வருவதும் என் வேலை. இடையில் கதவுக் கண்ணாடியால் பார்ப்பேன்.

ஒரு வம்சம் சத்தம் கேட்டதும் அங்குமிங்கும் நடக்கும். மூலையை முகரும். சுவரில் முன்னங்காலை வைத்து எழும்பிப் பார்க்கும். 'ஐயோ, பதறுது, இது நம்மட ஆள்' என்று எனக்கு நெஞ்சு உருகும். அதற்குக் 'கல்லாறு' என்று என் ஊரின் பெயரை வைத்தேன். மற்ற வம்சம் அசையாது. சிலை. சத்தம் ஓய்ந்த பிறகும் அதே இடத்தில், அதே நிலையில், தலையை ஒரு மயிரளவு திருப்பாமல் இருக்கும். 'என்ன திடம்! என்ன நெஞ்சு!' அதற்கு 'குருக்கள்மடம்' என்று மலரின் ஊரின் பெயரை வைத்தேன்.

எலியைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முதல் மட்டக்களப்பான் நானாகத்தான் இருப்பேன். குருக்கள்மடத்துக் கூடுகளுக்குத் தீனி போடும்போது கை கொஞ்சம் விறைப்பாக இருக்கும். கல்லாற்றுக் கூட்டில் மரத்தூளை இன்னும் ஒரு பிடி கூடப் போட்டுவிடுவேன்.

3

தவராசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இருக்கிற இதே நகரத்தில் பஸ் ஓட்டுகிறார். ஆள் வாட்டசாட்டம். எங்கள் வீட்டுக் கதவைத் தட்டாமல் வருகிற உரிமை உள்ளவர்.

பெண் பார்க்கக் குருக்கள்மடம் போன நாளில், 'வாங்க மச்சான், தனியாக் கதைப்பம்' என்று என்னைத் தோணியில் ஏற்றி வாவிக்குள் கொண்டுபோனார். போட்டு வைத்திருந்த வலையை இழுத்தபடியே கதைத்தார். கலியாணத்தை ஆவணியில் வைப்பமா, ஆனியில் வைப்பமா என்பது கதை. வலையில் சிக்கியிருந்த கெளுத்தியைக் கழற்றும்போது அதன் முள் அவர் உள்ளங்கையில் இறங்கிப் புறங்கையில் நுனி தெரிந்தது. கெளுத்தி குத்தினால் பெரிய ஆம்பிளைகளே அழுது உருளுவதைக் கண்டிருக்கிறேன். இவர் முள்ளை முறித்து, இழுத்து எடுத்து, கையை வாவித் தண்ணீரில் அலசிவிட்டு, 'அப்ப ஆவணியே வைப்பம்' என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. கண் திறந்தபோது தோணிக்குள் படுத்துக் கிடந்தேன். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்! மச்சான்! முள்ளுக் குத்தினது எனக்குகா. நீங்க ஏன் உழுந்தீங்க?"

அப்படியும் பெண்ணைத் தந்தார்கள். ஆனால் இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு பிறந்தநாள் கொண்டாட்டத்திலும் அவர் இந்தக் கதையைச் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் முள் ஒரு விரற்கடை நீளுகிறது. நான் மயங்கிக் கிடந்த நேரமும் நீளுகிறது. போன வருடம் அரை மணித்தியாலம் ஆகியிருந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். ஆரணி விசயத்தில்தான் பொறுக்க முடியவில்லை. அவளுக்குச் சைக்கிள் பழக்கியது மாமா. நீச்சல் பழக்கியது மாமா. அவள் கைப்பந்து விளையாடுகிறாள், ஒரு ஆட்டம் விடாமல் போவது மாமா. நானும் ஒருதடவை போனேன். எதிர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தி அவளை முழங்கையால் இடித்தாள். எனக்குத் தெரியாமலே என் கால்கள் மைதானத்துக்குள் ஓடிவிட்டன. நடுவர் விசில் ஊதினார். அதன் பிறகு என்னைக் கூப்பிடுவதில்லை.

இதைவிட உறைக்கிற ஒன்று இருக்கிறது. மகள் மாமாவோடு தமிழில் கதைப்பாள். என்னோடு நோர்வேஜிய மொழியில். குற்றம் என்னுடையதுதான். அவளுக்கு நாலைந்து வயதாக இருக்கும்போது எனக்கு மொழிப் பரீட்சை. வேறு யாரோடு கதைத்துப் பழகுவது? பிள்ளையோடு கதைத்தேன். என் பிழைகளை அவள் திருத்துவாள். பரீட்சையில் சித்தியடைந்தேன், பிள்ளை அந்த மொழியிலேயே நின்றுவிட்டாள். தவராசாவோ நாள் முழுக்கப் பயணிகளோடு அதே மொழியை வெளுத்து வாங்குகிறவர். வீட்டுக்கு வந்ததும், "எனக்கு விளங்கல்ல புள்ள, தமிழில சொல்லு" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வார். என் மகளின் தமிழை அவர் நடித்து வாங்கினார்.

4

இந்தப் பருவத்து ஆட்டமொன்றில் ஆரணி விழுந்தாள். முழங்காலில் தசைநார் அறுந்துவிட்டது. விழுந்தவள் தானே எழும்பி, நொண்டிக்கொண்டு போய் மைதான ஓரத்து வாங்குப் பலகையில் இருந்தாளாம். அழவில்லை, சத்தம் போடவில்லை. நேரே பார்த்தபடி இருந்தாளாம். இதை எனக்குச் சொன்னது யார் என்று கேட்கத் தேவையில்லை.

"ஒரு சொட்டுக் கண்ணீர் வரல்ல மச்சான். அப்பிடியே சிலை மாதிரி இருந்தாள். எங்கட குடியெல்லோ!"

அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். இந்த நாட்டில் பதினாறு முடிந்தால் வைத்தியசாலை பிள்ளையோடுதான் பேசும், பெற்றாரோடு அல்ல. ஆரணிக்குப் பதினேழு. கடிதம் அவளுடைய கைத்தொலைபேசிக்கு வந்தது, அவளே வாசித்தாள், அவளே படிவம் நிரப்பினாள். திகதி எனக்குத் தெரியவந்தது மாமாவின் வாயால். 'அண்டைக்கு லீவு எடுத்திட்டன் மச்சான்' என்றார்.

எந்த அண்டைக்கு?

அன்று பின்னேரம் குசினியில் வைத்துக் கேட்டேன். படிவத்தைக் காட்டினாள். மயக்க மருந்து கொடுத்துத் தூங்கும்வரை ஒருவர் கூட இருக்கலாம், அவர் யார் என்று ஒரு கேள்வி. தவராசா என்று எழுதியிருந்தாள். உறவு முறை என்ற இடத்தில் 'தாயின் சகோதரன்'. அதற்கும் ஒரு பெட்டி வைத்திருக்கிறது இந்த அரசாங்கம்.

"ஏன் நான் இல்லை?" என்றேன்.

"அப்பா, நீங்கள் உள்ளே வந்தால் மயங்கி விழுவீர்கள். பிறகு டொக்டர்மார் என்னை விட்டுவிட்டு உங்களைப் பார்ப்பார்கள்." நோர்வேஜிய மொழியில், எந்தக் கோபமும் இல்லாமல், காலநிலை அறிக்கை வாசிப்பது போலச் சொன்னாள்.

மலர் அடுப்பைப் பார்த்தபடி, "உண்மையத்தானே சொல்றாள்" என்றாள்.

உண்மைதான். அதனால்தான் சுட்டது. நான் கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்திவிட்டு வெளியே போனேன். வெளியே மழை. குடை உள்ளே. கோபித்துக்கொண்டு போனவன் குடைக்காகத் திரும்பி வர முடியாதே. நனைந்தேன்.

5

அடுத்த கிழமை வேலையில் பெரிய பிழை ஒன்று விட்டேன்.

இங்கெர் முதல்தடவையாக இரண்டு வம்சத்தையும் கலந்திருந்தார். தாய் குருக்கள்மடம், தகப்பன் கல்லாறு. ஒன்பது குட்டிகள் பிறந்து வளர்ந்து, தனித்தனிக் கூட்டுக்கு மாற்றும் நாள் வந்தது. ஒன்பது அட்டை எழுதினேன். ஒன்பதிலும் வம்சம் என்ற இடத்தில் குருக்கள்மடத்தின் எழுத்தையும் எண்ணையும் எழுதினேன், தகப்பன் என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். கை தானாக எழுதியது. பிள்ளை தாயின் குடி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இங்கெர் அட்டைகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"தகப்பன் எங்கே?"

"பக்கத்துக் கூட்டில்தான். சுகமாக இருக்கிறார்" என்றேன்.

"அட்டையில் எங்கே?"

அப்போதுதான் எனக்கு வியர்த்தது. ஆராய்ச்சி முழுவதும் பாழ். வேலை போய்விட்டது. மீன் தொழிற்சாலைக்குத் திரும்பப் போக வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து ஏன் விலத்தினான் என்று ஊரில் கேட்டால் என்ன சொல்வது? இவ்வளவும் மூன்று வினாடிக்குள் ஓடி முடிந்தது. பதற்றத்தில் எங்கள் குடி முறையை அவருக்கு விளக்கத் தொடங்கினேன். கோயில், கலியாணம், தாய்வீடு, மாமன் உரிமை எல்லாம் என் நோர்வேஜிய மொழியில். கால் மணித்தியாலம் போனது. அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "அருமையான முறை. ஆனால் எலிகளுக்கு அது தெரியாது" என்றார். எது எதோடு சேர்ந்தது என்று இனப்பெருக்கப் பதிவேட்டில் இருக்கிறதாம், ஒன்றும் பாழாகவில்லையாம். ஒன்பதையும் திருத்தி எழுதச் சொன்னார். அவ்வளவுதான்.

உயிர் திரும்பி வந்த துணிச்சலில் கேட்டேன். "அப்படியென்றால் பயம் தகப்பனிடமிருந்தும் வருமா?"

"இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு என்பதைத்தான் தேடுகிறேன். வளர்ந்த விதமும் இருக்கிறது. எல்லாவற்றையும் பிறப்பின் தலையில் போட முடியாது."

"நோவு?"

"அது வேறு. நோவு ஒரு வழியில் வரலாம், பயம் வேறு வழியில் வரலாம்." சூடான தட்டுச் சோதனையைச் சொன்னார். எலியை மெல்லிய சூடுள்ள தட்டில் விடுவார்கள், அது காலைத் தூக்கிய கணமே எடுத்துவிடுவார்கள். அசையாத வம்சம் அந்தச் சூட்டில் நெடுநேரம் நிற்கும். நடந்து திரிகிற வம்சம் சட்டென்று தூக்கிவிடும்.

"தெரியுமே" என்றேன். "அசையாத வம்சம் எல்லாவற்றிலும் தைரியம்."

இங்கெர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "யார் சொன்னது? அது உறைந்துபோய் இருக்கிறது. பயத்தின் உச்சம் அதுதான். உறைந்து நிற்கிற வினாடிகளைத்தான் நான் எண்ணுகிறேன். நடந்து திரிகிற வம்சத்துக்குத்தான் பயம் குறைவு."

என்னால் நம்ப முடியவில்லை. "சத்தமே போடாதே அது!"

கணினித் திரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெட்டிக்குள் ஒரு விசேட ஒலிவாங்கி வைத்திருக்கிறாராம். திரையில் கோடு கோடாக, நீளமாக, ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. "இது அந்த எலியின் குரல். மனிதக் காதுக்கு எட்டாத உயரத்தில் கத்துகிறது. நீ பக்கத்தில் நின்றாலும் கேட்காது."

இத்தனை வருடம் நான் கதவுக் கண்ணாடியால் பார்த்து வியந்தது, கத்திக்கொண்டிருந்த ஒரு பிராணியை.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் அந்த எலிக்காக வருந்தியிருப்பான். நானும் வருந்தினேன், கொஞ்ச நேரம். பிறகு என் மனம் ஓடிய திசையைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கல்லாறு தைரியம்! குருக்கள்மடம் பயந்தாங்கொள்ளி! விஞ்ஞானமே சொல்லிவிட்டது!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவராசா சாப்பிட வந்தார். நண்டுக் கறி. சோற்றில் கை வைப்பதற்கு முன்னமே தொடங்கிவிட்டேன்.

"மச்சான், அண்டைக்குக் கெளுத்தி குத்தினப்ப நீங்க துணிவா இரிக்கல்ல, தெரியுமா? உங்களுக்கு நோவு விளங்கல்ல. அவ்வளவுதான். அது வேற, துணிவு வேற."

"ஆரு சொன்னது?"

"எலி."

அவர் மலரைப் பார்த்தார். "என்னகா மலர், எலியோட இருந்து இருந்து மச்சானுக்கு மண்டை கிறுகிப்போச்சா?"

"இப்ப நாலு நாளா இதுதான் கதை" என்றாள் மலர்.

"அப்ப மச்சான், தோணியில உழுந்து கிடந்ததுதான் துணிவு?"

"அது... அது எனக்கு நோவு கூட விளங்குது. உங்கட நோவும் எனக்கு விளங்கினது."

அவர் தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்தபடி நண்டுச் சட்டியில் இருந்த பெரிய காலை எடுத்து ஆரணியின் சோற்றுக் கோப்பையில் வைத்தார். "தின்னு மனே. வாற வியாழக்கிழமை உன்ட காலை வெட்டப்போறானுகள். மறுகா நாங்க நண்டு மாதிரிக் குறுக்கால நடப்பம்."

ஆரணி சிரித்தாள். சிரிப்பு வந்தது, வந்த இடத்திலேயே நின்றது. சோறு அள்ளிய கை கோப்பைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. கண் மேசை விரிப்பில் ஒரு பூவைப் பார்த்தது. மூச்சு மட்டும் மேலே, சின்னச் சின்னதாக.

"பாருங்க, அசையிறாளா?" என்றார் தவராசா. "பாறாங்கல்லு."

நான் பார்த்தேன். வியாழக்கிழமை வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கு என்மேலேயே நம்பிக்கை இல்லை. அவள் பயந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். அவள் பயந்தால் அவள் என் பக்கம். மாமாவின் பாறாங்கல் உடைந்தால் எனக்குச் சந்தோசம். இப்படிப்பட்ட கண்ணுக்குத் தெரிவதை எப்படி நம்புவது?

6

வியாழன் காலை நால்வரும் போனோம். ஆரணிக்கு வைத்தியசாலை உடுப்புக் கொடுத்து, ஒரு சின்ன அறையில் கட்டில் ஓரத்தில் இருத்தினார்கள். மலர் அவளுடைய தலைமுடியைப் பின்னிவிட்டாள். தவராசா தொப்பியும் நீல அங்கியும் போட்டுக்கொண்டு வந்து, 'டொக்டர் தவராசா, எந்தக் கால் எண்டு சொல்லுங்க, மாறி வெட்டிருவன்' என்றார். அந்த அங்கி அவருக்கு நன்றாகவே இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

ஆரணி அசையவில்லை. முதுகு நேர். கை இரண்டும் மடியில். பெருவிரலை உள்ளே வைத்து மூடியிருந்தாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு, யாரோ ஒட்டிவைத்தது போல. கழுத்தடியில் நாடி துடிப்பது கதவடியில் நின்ற எனக்குத் தெரிந்தது.

"மச்சான்," என்று மெல்லக் கூப்பிட்டேன். "அவ பயந்திட்டாள்."

"விசர்க் கதை கதைக்காதீங்க. உங்கட பயத்தப் புள்ளைக்கு ஏத்தாதீங்க. பாருங்க எப்பிடி இரிக்கிறாள் எண்டு."

"அதத்தான் பாக்கிறன்."

மலர் என்னை முறைத்தாள். இந்த இடத்தில் நீங்கள் ஆரம்பிக்க வேண்டாம் என்று அர்த்தம். அவளுடைய முறைப்பிலும் நியாயம் இருந்தது. முன்பொருமுறை ஆரணிக்குக் காது குத்தும்போது நான்தான் குத்துகிறவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

நான் போய்க் கட்டிலுக்கு முன்னால் குந்தினேன். "ஆரணி, பயமா இரிக்கா?"

"இல்லை" என்றாள், நோர்வேஜிய மொழியில். உதடு மட்டும் அசைந்தது.

நேர்ஸ் வந்துவிட்டார், வயது போன, அமைதியான பெண். கையில் படிவம். கட்டிலைத் தள்ளுகிற ஆளும் பின்னால் நின்றார். "தயாரா?" என்றார் நேர்ஸ். "தயார்" என்றார் தவராசா. ஆரணி தலையை ஒரு மயிரளவு ஆட்டினாள்.

இப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்வதில் பிரயோசனம் இல்லை. சொல்லி அது பிழையாகிவிட்டால் மகள் இனி என்னை எந்த இடத்துக்கும் கூப்பிட மாட்டாள். சொல்லாமல் விட்டு, அவள் உள்ளே இப்படியே கிடந்து கத்தினால் அந்தச் சத்தம் யாருக்குக் கேட்கும்? நேர்ஸின் முன்னால் போய் நின்றேன்.

"என் மகளுக்கு மிகவும் பயமாக இருக்கிறது" என்றேன்.

நேர்ஸ் ஆரணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தால் யாருக்குப் பயம் என்ற சந்தேகம் எவருக்கும் வரும். "அமைதியாகத்தானே இருக்கிறாள்?"

"அமைதி இல்லை. அது உறைந்திருப்பது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் எலிகளோடு வேலை செய்கிறேன்" என்றேன். அந்தச் சொற்கள் ஒரு பிழையும் இல்லாமல் வந்தன.

நேர்ஸ் சிரிக்கவில்லை. படிவத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு ஆரணிக்குப் பக்கத்தில் இருந்தார். மூடியிருந்த கையைத் தன் கைக்குள் எடுத்தார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளங்கையில் நகம் பதிந்த நாலு பிறை.

"எவ்வளவு நாளாக இப்படி?" என்று கேட்டார்.

ஆரணியின் வாய் கோணியது. சின்னதில் அழுவாளே, அந்த அழுகை. "கடிதம் வந்த நாளிலிருந்து" என்றாள். "தூங்கியதும் எழும்பாமல் விட்டால்?" அதற்குப் பிறகு சொற்கள் வரவில்லை, சத்தம்தான் வந்தது. அந்த அறையில் எல்லாருக்கும் கேட்ட சத்தம். மலர் ஓடி வந்து கட்டிப்பிடித்தாள்.

நான் வெற்றிபெற்றிருந்தேன். அதை அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த அழுகையைக் கேட்டபோது, பாறாங்கல்லாகவே இருந்திருக்கக் கூடாதா என்று என் நெஞ்சு கேட்டது. மாமாவின் குடியாகவே இருந்துவிட்டுப் போயிருக்கலாம். முழுக்க முழுக்க.

தவராசா நீலத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ஒரு ஆட்டம் உடாமப் போனவன் நான்," என்றார் என்னிடம், மெதுவாக. "எனக்கு ஏன் மச்சான் தெரியல்ல?"

கதவடியில் இருந்த கதிரையை அவருக்கு இழுத்துப் போட்டேன்.

மயக்க மருந்து டொக்டரை நேர்ஸ் கூப்பிட்டார். அவர் வந்து கட்டில் ஓரத்தில் இருந்து, தூங்குவது எப்படி, எழுப்புவது எப்படி, யார் பக்கத்தில் நிற்பார்கள் என்று ஒவ்வொன்றாக ஆரணிக்குச் சொன்னார். பயத்தைத் தணிக்க ஒரு மருந்து கொடுத்தார். அரை மணித்தியாலம் பொறுத்துப் போகலாம் என்றார். நேர்ஸ் படிவத்தில் ஏதோ எழுதிவிட்டு என்னிடம் கேட்டார்: "நீங்கள் யார்?"

"தகப்பன்."

அதையும் எழுதினார்.

அரை மணித்தியாலம் போனது. ஆரணியின் தோள் இறங்கியிருந்தது. கை மலர்ந்து கிடந்தது. கட்டிலைத் தள்ளுகிறவர் திரும்பவும் வந்தார். நேர்ஸ் ஆரணியிடம் குனிந்து, படிவத்தில் இருக்கிற பெயரை மாற்ற வேண்டுமா, யார் கூட வர வேண்டும், இப்போதும் மாற்றலாம் என்றார்.

ஆரணி என்னைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "அப்பா, நீங்க இதில இருங்க" என்றாள். தமிழில் சொன்னாள். "மாமா வரட்டும்."

தவராசா தொப்பியைப் போட்டுக்கொண்டு அவளுடைய கையைப் பிடித்தபடி கட்டிலோடு நடந்து போனார். மலரும் நானும் நடையில் இருந்த கதிரைகளில் இருந்தோம். சிகிச்சை ஒன்றரை மணித்தியாலம் நடந்தது. ஆரணி எழும்பினாள், முழங்கால் நன்றாக இருக்கிறது என்றார்கள். உள்ளே போனவர் தவராசா. நான் வெளியே இருந்தேன்.